வெட்டுமரம் முதல் பணப்பயிர் வரை: வெப்பமண்டலக் காடு கைநழுவும் வழி

மரத்துண்டு ஒன்று எந்த இனத்தைச் சேர்ந்தது என்று கண்டறிந்து சொல்வது என் தொழில். துறைமுகத்தில் நிறுத்திவைக்கப்பட்ட சரக்கிலிருந்தும், வழக்குக்காகக் கைப்பற்றப்பட்ட குவியல்களிலிருந்தும் மாதிரிகள் வரும். கூரிய கத்தியால் குறுக்குவெட்டு முகத்தைச் சீவி, பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைலென்ஸின் கீழே வைத்தால், நீர் கடத்திய நுண்துளைகளின் அளவும் அடுக்கும், அவற்றைச் சூழ்ந்திருக்கும் வெளிறிய திசுவின் வடிவமும், நடுவிலிருந்து பட்டையை நோக்கி ஓடும் கதிர்க்கோடுகளின் அகலமும் அந்த மரத்தின் பேரினத்தைப் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். அது எந்த நாட்டில், எந்தக் காட்டில் நின்றது, உரிமத்தோடு வெட்டப்பட்டதா திருட்டுத்தனமாக வெட்டப்பட்டதா என்பதை அந்தக் குறுக்குவெட்டு சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியவை சரக்கோடு வரும் ஆவணங்கள். சட்டவிரோத மரவெட்டின் பெரும்பகுதி இன்று அந்த ஆவணங்களுக்குள்ளேயே ஒளிந்துகொள்கிறது.

அமேசானின் இப்பே மரத்தை எடுத்துக்கொள்வோம். வெயிலுக்கும் மழைக்கும் அசையாத வைரம் கொண்ட மரம் என்பதால், திறந்தவெளித் தளங்கள் அமைக்க வெளிநாடுகளில் இதற்குப் பெரும் கிராக்கி உண்டு. ஆனால் காட்டில் இது மிக அரிதாகவே நிற்கும். முதிர்ந்த மரம் ஒன்றைக் காணச் சுமார் பத்து ஹெக்டேர் நடக்க வேண்டியிருக்கும். பிரேசிலின் பாரா மாநிலத்தில் வெட்டு உரிமங்களுக்காகத் தாக்கல் செய்யப்பட்ட மரக் கணக்கெடுப்புகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு ஒன்று, அவற்றில் காட்டப்பட்ட இப்பேயின் அடர்த்தி இயற்கையில் காணப்படுவதைவிட வெகுவாக மிகைப்படுத்தப்பட்டிருந்ததை வெளிக்கொணர்ந்தது. இல்லாத மரம் தாளில் நிற்கிறது. அந்தத் தாள் மரத்துக்கு வெட்டும் அளவு ஒதுக்கப்படுகிறது. பழங்குடியினரின் நிலத்திலோ காப்புக்காட்டிலோ வெட்டப்பட்ட மரம் அந்த ஒதுக்கீட்டைப் போர்த்திக்கொண்டு சட்டப்படியான சரக்காக வெளியேறுகிறது. அழியும் அபாயத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை நெறிப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில், அதாவது அனுமதியோடு மட்டுமே வணிகம் செய்யத்தக்கவற்றின் பட்டியலில், இப்பே இடம்பெற்றது 2024 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது.

ரோஸ்வுட் மரங்களின் கதை இன்னும் கசப்பானது. 2009இல் மடகாஸ்கரில் அரசியல் நெருக்கடி வெடித்தபோது, மசோவாலா, மரோஜேஜி தேசியப் பூங்காக்களுக்குள் புகுந்த கூட்டங்கள் ரோஸ்வுட்டையும் கருங்காலியையும் வெட்டிக் குவித்தன. அந்தப் பூங்காக்களை உள்ளடக்கிய அட்சினானானா மழைக்காடுகளை யுனெஸ்கோ 2010இல் அபாயத்திலுள்ள உலகப் பாரம்பரியங்களின் பட்டியலில் சேர்த்தது. அரிய இனங்களைத் தனித்தனியாகப் பாதுகாத்தால் போதும் என்று வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். சோதனைச் சாவடியில் நிற்கும் அலுவலருக்கோ ரோஸ்வுட் மரங்கள் அடங்கும் டால்பெர்ஜியா பேரினத்தின் பட்டை நீங்கிய கட்டைகளில் ஓரினத்தை மற்றோரினத்திலிருந்து பிரித்தறிவது இயலாத காரியம்; ஆய்வகத்தில் எங்களுக்கே அது பல வேளைகளில் இயலுவதில்லை. டால்பெர்ஜியா பேரினம் முழுவதையும் 2017 ஜனவரி முதல் சைட்டிஸ் பட்டியலுக்குள் கொண்டுவந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். மிகச் சரியான முடிவு. ஆனால் மடகாஸ்கருக்கு அது காலங்கடந்து வந்தது.

ஒரு ஹெக்டேரில் நாலைந்து மரங்களைத்தானே எடுக்கிறார்கள், காடு தாங்கிக்கொள்ளாதா என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. மழைக்காட்டின் மேல்விதானத்தில் தடித்த கொடிகள் மரத்தோடு மரத்தைப் பிணைத்திருக்கும். பயிற்சி பெற்ற குழுவினர் பல மாதங்களுக்கு முன்பே அந்தக் கொடிகளை அறுத்து, மரம் சாய வேண்டிய திசையைக் கணித்து, கட்டைகளை இழுத்துச்செல்லும் தடங்களை வரைபடத்தில் முடிவுசெய்த பிறகே வெட்டுவார்கள். திருட்டு வெட்டுக்கு அந்தப் பொறுமை கிடையாது. சாயும் பெருமரம் தன் எடையாலும் கொடிகளின் இழுவையாலும் அண்டை மரங்களையும் சேர்த்தே வீழ்த்துகிறது. மேலும், திருடர்கள் தேர்ந்தெடுப்பவை வைரம் பாய்ந்து நெடிதுயர்ந்த மரங்கள். காட்டுக்கு விதை தரும் தாய்மரங்களும், பெரிய இருவாட்சிப் பறவைகள் கூடு வைக்கும் பொந்துகளைத் தாங்கி நிற்பவையும் அவையே. பொந்து இல்லாவிட்டால் இருவாட்சிக்கு இனப்பெருக்கம் இல்லை. இருவாட்சி இல்லாவிட்டால் பெருவிதை கொண்ட பல மரங்களின் விதைகள் தாயின் நிழலிலேயே விழுந்து மடிகின்றன.

போர்னியோவின் தாழ்நிலக் காடுகள் இதை இன்னும் தெளிவாகக் காட்டுகின்றன. அங்கே மேலோங்கி நிற்கும் டிப்டெரோகார்ப் குடும்ப மரங்கள் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, பெரும்பாலும் எல் நினோ வறட்சியை ஒட்டி, பெரும் பரப்பெங்கும் ஒரே பருவத்தில் காய்த்துக் கொட்டுகின்றன. காட்டுப்பன்றிகளும் பூச்சிகளும் தின்று தீர்க்க முடியாத அளவுக்கு விதை விழுவதால்தான் மிச்சம் முளைக்க முடிகிறது. போர்னியோவின் இந்தோனேசியப் பகுதியான கலிமந்தானின் காப்புப் பகுதிகளில் இருந்த தாழ்நிலக் காட்டில் 56 விழுக்காட்டுக்கும் மேல் 1985க்கும் 2001க்கும் இடையில் அழிந்தது. சுற்றிலும் காடு சுருங்கச் சுருங்க, விதை தின்னும் விலங்குகள் எஞ்சிய திட்டுகளில் வந்து குவிகின்றன. மேற்குக் கலிமந்தானின் குனுங் பாலுங் தேசியப் பூங்காவில் 1990களின் இறுதியில், மரங்கள் காய்த்தும் புதிய கன்றுகள் எழும்பாமற்போனதை ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். பூங்காவின் எல்லைக்குள் மரங்கள் நின்றுகொண்டுதான் இருந்தன. அவற்றின் அடுத்த தலைமுறை அங்கே இல்லை.

மரம் எடுக்கப் போடப்படும் பாதை, மரத்தைவிடப் பெரிய இழப்புக்கு வாசல் திறக்கிறது. பிரேசிலிய அமேசானில் நடந்த காடழிப்பில் ஏறத்தாழ 95 விழுக்காடு, சாலையிலிருந்து 5.5 கிலோமீட்டருக்குள்ளோ, படகு செல்லும் ஆற்றிலிருந்து 1 கிலோமீட்டருக்குள்ளோ நிகழ்ந்திருக்கிறது. லாரி போகும் தடத்தில் வேட்டைக்காரர் வருகிறார். அவருக்குப் பின்னால் நில ஆக்கிரமிப்பாளர் வருகிறார். விதானம் திறந்து வெயில் தரையைத் தொட்டதும், ஈரம் மாறாதிருந்த சருகு காய்கிறது. அதுவரை தீயே அறியாத காடு எரியத் தயாராகிவிடுகிறது.

இந்தக் கட்டத்தில் ஒரு முடிவு எடுக்கப்படுகிறது. என் அனுபவத்தில் எல்லாவற்றையும்விடத் தீங்கானது இதுதான் என்பேன். மதிப்புள்ள மரங்கள் எடுக்கப்பட்ட காட்டைச் சீரழிந்த காடு என்று வகைப்படுத்தி, இனி இதில் காக்க எதுவும் இல்லை, தோட்டப் பயிருக்குக் கொடுத்துவிடலாம் என்று கோப்பில் எழுதிவிடுகிறார்கள். திருட்டு வெட்டு இங்கே பணப்பயிருக்கு நிலம் தயாரித்துக் கொடுக்கிறது. வெட்டிய மரத்தின் பணம் நிலத்தைச் சுத்தம் செய்யும் செலவை ஈடுகட்டுகிறது. ஒப்பீட்டு மாதிரிகள் சேகரிக்க வெட்டப்பட்ட காடுகளுக்குள் போகும்போதெல்லாம், விலைபோன அதே இனங்களின் இளங்கன்றுகள் நிழலில் காத்து நிற்பதை நான் காண்கிறேன். ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. மலேசியாவின் சபா மாநிலத்தில் இருமுறை மரம் வெட்டப்பட்ட காடுகளில்கூட, வெட்டப்படாத காட்டிலுள்ள பறவை இனங்களிலும் சாணவண்டு இனங்களிலும் 75 விழுக்காட்டுக்கு மேல் தங்கியிருந்தன. அதே நிலம் எண்ணெய்ப்பனைத் தோட்டமானால் நிலைமை வேறு: பல உயிரினக் குழுக்களின் தரவுகளைத் தொகுத்த ஓர் ஆய்வு, மூலக்காட்டு இனங்களில் சராசரியாக 15 விழுக்காடு மட்டுமே அத்தோட்டங்களில் காணப்படுவதாகக் கணித்தது. வெட்டுப்பட்ட காட்டுக்கும் தோட்டத்துக்கும் இடையிலுள்ள தூரம், வெட்டுப்பட்ட காட்டுக்கும் கன்னிக்காட்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைவிட மிகப் பெரியது. சீரழிந்தது என்ற முத்திரை இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

உலகக் காடழிப்பில் ஏறத்தாழ 90 விழுக்காட்டுக்கு வேளாண் விரிவாக்கமே காரணம் என்று ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 2021இல் அறிவித்தது. பயிர்களைத் தனித்தனியாக எடுத்து ஒப்பிட்டால் மேய்ச்சல் நிலமே இதில் முதலிடம். அதன் பின்னே எண்ணெய்ப்பனையும் சோயாவும், கொக்கோ, ரப்பர், காப்பி ஆகியவையும் வருகின்றன. இவற்றுள் எதையும் கெட்ட பயிர் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு ஹெக்டேரில் எண்ணெய்ப்பனை தரும் எண்ணெயை வேறெந்த எண்ணெய்ப் பயிரும் தருவதில்லை. பாமாயிலைப் புறக்கணித்தால் அந்தத் தேவை கூடுதல் நிலம் கேட்கும் வேறு பயிரின்மேல் விழும். பயிர் எந்த நிலத்தில் நடப்படுகிறது என்பதே கேள்வி. ஒராங்குட்டானின் மூன்று இனங்களும் இன்று மிக அருகிய நிலையில் இருப்பதற்கு, தாழ்நிலக் காட்டின் அதே சமவெளிகளை எண்ணெய்ப்பனைத் தோட்டங்களும் கேட்டது ஒரு பெரும் காரணம். போர்னியோ ஒராங்குட்டான்களில் மட்டும் 1999க்கும் 2015க்கும் இடையே 1,00,000க்கு மேற்பட்டவை இழக்கப்பட்டதாக ஒரு மதிப்பீடு உண்டு. அவற்றில் கணிசமானவை, வேட்டையின் காரணமாக, இன்னும் காடு நிற்கும் பகுதிகளிலேயே இழக்கப்பட்டன.

கொக்கோவைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். ஐவரி கோஸ்டில் 1960 வாக்கில் 1.6 கோடி ஹெக்டேர் அளவிலிருந்த காடு இன்று 30 லட்சம் ஹெக்டேருக்கும் கீழே இறங்கிவிட்டது. மரவணிக நிறுவனங்கள் போட்ட பாதைகளைப் பின்பற்றியே கொக்கோ விவசாயிகள் காட்டுக்குள் நுழைந்தார்கள். புதிதாக அழிக்கப்பட்ட காட்டு மண்ணில் வளம் மிகுதி, களையும் நோயும் குறைவு. ஆகவே முதல் நடவு குறைந்த செலவில் நன்றாக விளைகிறது. மரம் முதிர்ந்து மண் களைத்ததும், அதே நிலத்தில் மறுநடவு செய்வதைவிட இன்னொரு காட்டுத்துண்டை அழிப்பது ஏழை விவசாயிக்குக் கட்டுப்படியாகிறது. கொக்கோவுக்குக் கிடைக்கும் விலை மறுநடவின் செலவைத் தாங்காதவரை இந்த நகர்வு நிற்காது. அதனால்தான் அது தேசியப் பூங்காக்களுக்குள்ளும் போனது. கானாவுக்கும் ஐவரி கோஸ்டுக்கும் உரிய மிஸ் வால்ட்ரன் செங்குரங்கு 1978க்குப் பிறகு உறுதியாக யார் கண்ணிலும் படவில்லை. வேட்டையும் காடழிப்பும் சேர்ந்து அதை முடித்துவிட்டதாகவே பலரும் அஞ்சுகிறார்கள்.

தோட்டங்களுக்கு நடுவே விட்டுவைக்கப்படும் காட்டுத் திட்டுகள் உயிரினங்களைக் காத்துவிடும் என்று நம்புவோருக்கு, பிரேசிலின் மனாவுஸ் அருகே 1979இல் உயிரியலாளர் தாமஸ் லவ்ஜாய் தொடங்கிய ஆய்வுத்திட்டம் தெளிவான விடை தந்தது. 100 ஹெக்டேர் அளவுள்ள திட்டுகள், தங்கள் கீழ்த்தட்டுப் பறவை இனங்களில் பாதியைப் பதினைந்து ஆண்டுகளுக்குள் இழந்தன. விளிம்புகளில் வீசும் வறண்ட காற்று பெருமரங்களைச் சாய்த்தது. பிரேசில் கொட்டை மரத்தை வெட்டுவது அந்நாட்டுச் சட்டப்படி குற்றம். ஆகவே மேய்ச்சல் நிலங்களின் நடுவே அதைத் தனியே விட்டுவிடுகிறார்கள். அதன் பூவைத் திறந்து மகரந்தம் சேர்க்கும் பெரிய தேனீக்களுக்குக் காடு வேண்டும். அதன் கடினமான காயைக் கடித்து உடைத்து விதையைப் புதைத்துவைக்கும் அகூட்டி என்னும் கொறிவிலங்குக்கும் காடு வேண்டும். சட்டம் மரத்தைக் காத்தது. காய்ப்பு குன்றி, சந்ததி இன்றி அது நிற்கிறது.

இந்த அழிவை நிறுத்த முடியும் என்பதற்குச் சான்று பிரேசிலிலேயே இருக்கிறது. அமேசானில் 2004இல் 27,772 சதுர கிலோமீட்டராக இருந்த ஆண்டுக் காடழிப்பு 2012இல் 4,571 சதுர கிலோமீட்டராகக் குறைந்தது. செயற்கைக்கோள் எச்சரிக்கை கிடைத்ததும் களத்துக்குச் சென்ற அலுவலர்கள், விதிமீறும் பண்ணைகளுக்குக் கடன் மறுப்பு, புதிதாக அழித்த நிலத்தின் சோயாவை வாங்கமாட்டோம் என்று வணிகர்கள் 2006இல் செய்துகொண்ட உடன்பாடு ஆகிய மூன்றும் ஒரே காலத்தில் வேலை செய்தன. பிடி தளர்ந்ததும் 2021இல் அழிப்பு 13,038 சதுர கிலோமீட்டரை எட்டியது. அமேசானில் கட்டுப்படுத்தப்பட்ட சோயா அண்டையிலிருக்கும் செராடோ புல்வெளிக்காட்டில் பரவியதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த சட்டம் மரம், கொக்கோ, காப்பி, சோயா, எண்ணெய்ப்பனை, ரப்பர், மாடு ஆகிய ஏழையும் ஒரே வரிசையில் வைத்து, 2020 டிசம்பர் 31க்குப் பின் அழிக்கப்பட்ட நிலத்தில் விளையவில்லை என்பதை நிலத்தின் புவி ஆயத்தொலைவுகளோடு நிரூபிக்கச் சொல்கிறது. அதன் அமலாக்கம் தள்ளிப்போனது வருத்தம் தந்தாலும், மரத்தையும் பயிரையும் ஒரே சங்கிலியின் கண்ணிகளாகப் பார்த்த அதன் அணுகுமுறையை நான் முழுமனத்தோடு வரவேற்கிறேன். சிறு விவசாயிகளின் நிலங்களை அளந்து பதிவுசெய்யும் செலவை வாங்கும் நிறுவனங்கள் ஏற்க வேண்டும். இல்லையேல் சட்டத்தின் சுமை முழுவதும் அவர்கள் தலையில் விழும். மரம் எடுத்து முடித்த பாதைகளை உடனே அடைக்க வேண்டும். வெட்டப்பட்ட காடுகளைப் பயிருக்கு மாற்றுவதற்கு முன் அங்கே எஞ்சியிருக்கும் உயிரினங்களைத் தனியமைப்பு ஒன்று கணக்கெடுக்க வேண்டும்.

கட்டையின் பிறப்பிடத்தைக் கண்டறியும் முறைகளும் இன்று வந்துவிட்டன. நிலைத்த ஐசோடோப்புகளின் (ஒரே தனிமத்தின் எடை மாறுபட்ட அணுக்களின்) விகிதமும் மரபணுக் குறியீடுகளும், மரம் எந்தப் பகுதியில் வளர்ந்தது என்பதைச் சுட்டிக்காட்ட வல்லவை. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க அந்தந்தக் காட்டிலிருந்தே எடுத்த சான்று மாதிரிகள் வேண்டும். மிக விரைவாக அழிந்துவரும் காடுகளிலிருந்துதான் அவை மிகக் குறைவாக உள்ளன. அவற்றைச் சேகரிக்க அரசுகள் ஒதுக்கும் தொகை, கைப்பற்றப்படும் ஒரு கப்பல் சரக்கின் மதிப்போடு ஒப்பிடத்தக்கதாகவேனும் இருக்க வேண்டும். மரச்சாமான் வாங்குபவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான்: மரத்தின் இனப்பெயர், வெட்டப்பட்ட நாடு, உரிம எண் ஆகிய மூன்றையும் விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். இனப்பெயர் சொல்லாமல், வெப்பமண்டலக் கடினமரம் என்று மட்டும் பொதுவாகக் குறிக்கப்பட்ட சரக்கை நான் வாங்குவதில்லை. பொதுக் கட்டடங்களுக்கு மரம் கொள்முதல் செய்யும் அலுவலர்களும் அதை மறுத்துத் திருப்பி அனுப்ப வேண்டும்.