எதற்கெடுத்தாலும் ஃபோமட் அடிக்கச் சொல்லாதீர்கள்

ஹட்டன் டவுனில் கம்பியூட்டர் திருத்துகிற கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூட லீவு விட்டால் போதும், நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா பக்கமிருந்து சிபியுவை உரப்பைக்குள் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்குவார்கள். மேசையில் வைத்ததும் வருகிற முதல் வார்த்தை, "தம்பி, வைரஸ் வந்துட்டு, ஃபோமட் அடிச்சுக் குடுங்க." டிஸ்க்கில் இருப்பதை அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். திரையில் என்ன தெரிந்தது, எப்போதிருந்து என்று கேட்டால் சிலருக்கு முகமே மாறிவிடும். ஃபோமட் அடிக்கத் தெரியாதவனிடம் வந்துவிட்டோமோ என்று நினைக்கிறார்கள் போல.

போன கிழமை மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு அண்ணன் வந்தார். ஏற்கெனவே இன்னோரிடத்தில் ஃபோமட் அடித்தாகிவிட்டது, வீட்டுக்குக் கொண்டுபோனதும் வைரஸ் திரும்ப வந்துவிட்டதாம். "இந்தத் தடவ நல்லா அடிங்க தம்பி" என்றார். போட்டுப் பார்த்தேன். வலது பக்கக் கீழ் மூலையில் ஒரு பெட்டி எழும்பியது. சிவப்புக் கேடயப் படம், உங்கள் கம்பியூட்டரில் 5 வைரஸ் என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்து. அதற்குக் கீழே, யாரும் பார்க்காத சாம்பல் நிறப் பொடி எழுத்தில் குரோம் என்ற பிரவுசரின் பெயரும், ஏதோ ஓசிப் பட சைட்டின் முகவரியும். அவ்வளவுதான் விஷயம். அந்த சைட் அனுப்புகிற நோட்டிஃபிகேஷனை, அதாவது அறிவிப்பை, நிறுத்த ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மகன் அதே சைட்டுக்குத் திரும்பப் போய் அதே பட்டனைத் திரும்ப அமுக்கியிருக்கிறான், அதனால் திரும்ப வந்திருக்கிறது.

கிளம்பும்போதுதான் கேட்டார், "மகளோட சடங்குப் படமெல்லாம் டெஸ்க்டாப்புல கெடந்துச்சே, அது எங்க தம்பி?"

என்ன பதில் சொல்வது? டெஸ்க்டாப்பில் கிடப்பதெல்லாம் விண்டோஸ் இருக்கிற பிரிவான சி டிரைவில்தான் இருக்கிறது. ஃபோமட் அடித்தால் முதலில் போவது அதுதான். அடுத்த பிரிவான டி டிரைவில் வைத்தால் தப்பிக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள், அதுவும் அடிப்பவர் கையில் இருக்கிறது. விண்டோஸ் போடும்போது எல்லாப் பிரிவையும் அழித்துவிட்டுப் புதிதாகப் பிரித்தால் டியும் கிடையாது. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. அவசரமாக அடிக்கும் ஃபோமட் விலாசப் பட்டியலை மட்டும்தான் அழிக்கிறது, படங்கள் அதன்மேல் வேறு எதுவும் எழுதப்படும்வரை அங்கேயே கிடக்கும். ஆனால் புது விண்டோஸே சுமார் 20 ஜிபியை மேலே கொட்டிவிடுகிறது. எதுவும் சுழலாத, சிப்பில் சேமிக்கிற புது வகை டிஸ்க்கான எஸ்எஸ்டி என்றால் அந்த நம்பிக்கையும் வேண்டாம். ஃபோமட் அடிக்கும்போதே இந்த இடமெல்லாம் காலி என்று விண்டோஸ் அதற்குச் சொல்லிவிடும், அதுவும் சும்மா இருக்கிற நேரத்தில் தானாகத் துடைத்துவிடும். அண்ணனுடையது எஸ்எஸ்டி. ஸ்டூடியோவில் கேட்டுப் பாருங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

இந்த ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லவேண்டியிருக்கிறது. மூலையில் எழும்பும் அந்தப் பெட்டி வைரஸ் கிடையாது. நீங்கள் அனுமதி கொடுத்து வந்த விளம்பரம். ஓசியில் படம் பார்க்கவோ கேம் விளையாடவோ ஒரு சைட்டுக்குப் போகிறீர்கள். நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க 'அலோ' பட்டனை அமுக்குங்கள் என்று நடுவில் எழுதியிருக்கும். அந்தப் பட்டன் ரோபோவைச் சோதிக்க அல்ல, உங்களுக்கு எந்நேரமும் அறிவிப்பு அனுப்ப அந்த சைட்டுக்குக் கொடுக்கிற உரிமை. அதன்பிறகு சைட்டை மூடினாலும், பிரவுசர் திறந்திருக்கிற நேரமெல்லாம் அறிவிப்பு வந்துகொண்டே இருக்கும். பயந்து அதைத் தட்டினால்தான் ஆபத்து, போலி ஆன்டிவைரஸ் விற்கிற இடத்துக்குக் கொண்டுபோய் விடும். குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போங்கள். அனுமதி பெற்ற சைட்டுகளின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயரையெல்லாம் நீக்குங்கள். எந்த சைட்டும் இனிக் கேட்கவே கூடாது என்றும் அங்கேயே வைத்துவிடலாம். போனிலும் இதே கதைதான். இதற்குப் போய் ஃபோமட் அடிப்பது, கூரையில் ஒரு தகரம் ஒழுகுகிறது என்று வீட்டையே இடிப்பது மாதிரி.

எங்கள் தொழிலையும் சும்மா விட முடியாது. ஃபோமட் என்றால் யோசிக்க வேண்டியதில்லை, ஒருபக்கம் ஓடவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம், காசும் உறுதி. பட்டியலில் ஒரு பெயரை நீக்கிவிட்டு எவ்வளவு என்று கேட்பது? அதனால்தான் பல பேர் கேள்வி கேட்காமல் அடித்துத் தருகிறார்கள்.

இன்னொரு வகையும் உண்டு. திரை முழுக்க நீலமாகி, சைரன் சத்தம் போட்டு, மைக்ரோசொஃப்ட் என்று பெயர் போட்டு, இந்த நம்பருக்கு உடனே அழையுங்கள் என்று வரும். மைக்ரோசொஃப்ட்டின் உண்மையான எச்சரிக்கை எதிலும் போன் நம்பர் இருக்காது. அழைக்கவே வேண்டாம். எஸ்கேப் பட்டனைக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடியுங்கள், முழுத்திரை விலகும். மூட முடியவில்லையா, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை முடித்துவிடுங்கள். திரும்பத் திறக்கும்போது பழைய பக்கங்களைத் திறக்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அழைத்துப் பேசி, அவன் சொன்ன சொஃப்ட்வேரைப் போட்டு, கம்பியூட்டரையே அவன் கையில் கொடுத்துவிட்டீர்கள் என்றால் வயரைப் பிடுங்குங்கள், பேங்குக்குச் சொல்லுங்கள். இலங்கை செர்ட் என்ற அரச நிறுவனம் 2006 முதல் இதற்கென்றே இருக்கிறது, 101க்கு அழைக்கலாம்.

முன்பு பிரவுசரில் கேமும் வீடியோவும் ஓடத் தேவைப்பட்ட ஃப்ளாஷ் பிளேயரை அப்டேட் பண்ணுங்கள் என்று இன்னமும் கேட்கிற கேம் சைட்டுகள் இருக்கின்றன. ஃப்ளாஷ் 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்துபோனது, 2021 ஜனவரி 12 முதல் அதன் சொந்தக் கம்பெனியான அடோபியே அதை ஓடவிடாமல் தடுத்துவிட்டது. இன்றைக்கு ஃப்ளாஷ் அப்டேட் என்று எவன் கேட்டாலும் பொய்.

சரி, அப்படியென்றால் ஃபோமட் எப்போது? கிராக் பண்ணிய, அதாவது பூட்டை உடைத்து ஓசியில் விட்ட, கேமை இறக்கி, முதலில் ஆன்டிவைரஸை நிறுத்துங்கள் என்று அதில் எழுதியிருந்தபடி நிறுத்தி, ஓடவிட்டு, ஒன்றுமே நடக்கவில்லை என்று விட்டிருப்பீர்களே, அப்போது. சத்தமில்லாமல் வருவதுதான் நிஜ வைரஸ். பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளையும், நீங்கள் ஏற்கெனவே லொகின் பண்ணியிருக்கிறீர்கள் என்று காட்டுகிற அடையாளத்தையும் எடுத்துக்கொண்டு போய்விடும். கொஞ்ச நாளில் ஃபேஸ்புக் போய்விட்டது என்று வருவீர்கள். வேறொரு போனிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றி, எல்லாக் கருவியிலிருந்தும் வெளியேறு என்பதை அமுக்கிவிட்டுக் கொண்டுவாருங்கள், படங்களை எடுத்துவைத்துவிட்டு நானே அடித்துத் தருகிறேன். ஆன்டிவைரஸ் இரண்டு மூன்று போடுவதால் பாதுகாப்பு அதிகமாகிவிடாது. விண்டோஸோடு வருகிற டிஃபெண்டர் வீட்டுப் பாவனைக்குத் தாராளமாகப் போதும், அதை நீங்களே நிறுத்தாதவரை.

பென் டிரைவ் விஷயத்துக்கு வருவோம். கொமினிகேஷன் கடையில் ஒரு பிரிண்ட் எடுக்கக் குத்தியிருப்பீர்கள். வீட்டில் பார்த்தால் ஃபோல்டரெல்லாம் ஷோர்ட்கட் ஆகியிருக்கும், மூலையில் சின்ன அம்புக்குறி. உடனே பென் டிரைவுக்கும் ஃபோமட்! வேண்டாம். பெரும்பாலும் உங்கள் ஃபைல்கள் அதற்குள்தான் மறைந்திருக்கும், பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் தள்ளி வைத்திருக்கும். அந்த ஷோர்ட்கட்டை டபுள் கிளிக் பண்ணாதீர்கள், பண்ணினால்தான் உங்கள் கம்பியூட்டருக்கும் தொற்றும். அப்படியே கொண்டுவந்து கொடுங்கள். அடுத்த தடவை பிடிஎஃப் ஆக்கி வட்ஸ்அப்பில் கடைக்காரருக்கு அனுப்பிவிடுங்கள், பென் டிரைவே தேவையில்லை. கடைக் கம்பியூட்டரில் உங்கள் மெயிலைத் திறந்தால் மூடிவிட்டு வாருங்கள் பிள்ளைகளே, அடுத்த ஆள் வாசித்துக்கொண்டிருப்பான்.

ஸ்லோவாக இருக்கிறது, அதனால் ஃபோமட் என்கிறவர்களுக்கு: கொழும்பிலிருந்து வாங்கிவந்த பழைய மெஷினில் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதைக் கழற்றி எஸ்எஸ்டி போடுங்கள், வித்தியாசம் ஆளையே அசத்தும். ராம் என்கிற மெமரி 4 ஜிபி என்றால், ஃபோமட் அடித்தாலும் 4 ஜிபிதான். பக்கத்தில் விறகடுப்பு எரிகிற அறை என்றால் திறந்து ஊதிச் சுத்தம் பண்ணுங்கள். புகைக்கரி எண்ணெயோடு சேர்ந்து ஃபேன் இறக்கையில் தார் மாதிரி ஒட்டியிருப்பதைத் தினமும் சுரண்டுகிறேன். தூசி படாமல் இருக்கட்டும் என்று ஓடுகிற சிபியுவின்மேல் பூப்போட்ட துணி போர்த்துகிறவர்களை என்ன சொல்வது, தெரியவில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 ஒக்டோபர் 14உடன் நின்றுவிட்டன. பழைய மெஷின்கள் பல விண்டோஸ் 11ஐ ஏற்காது, அவற்றில் பேங்க் வேலை பார்க்காமல் இருந்தால் நல்லது.

இடியைப் பற்றி உங்களுக்கே தெரியும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் கறுத்துக்கொண்டு வந்தால் பிளக்கைக் கழற்றுங்கள், சுவிட்சை மட்டும் அணைப்பது காணாது. ரவுட்டருக்கு வருகிற செம்பு டெலிபோன் வயரையும் கழற்ற வேண்டும்.

பொழுதுபோக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் விளையாடட்டும், இடத்தைப் பார்த்து விளையாடட்டும். செஸ் என்றால் லிசெஸ், விளம்பரமே இல்லை, கணக்குத் திறக்காமலும் ஆடலாம். பழைய ஃப்ளாஷ் கேம்கள் ஆசையென்றால் இன்டர்நெட் ஆர்கைவில் நிறைய இருக்கின்றன, எதையும் இறக்காமல் அங்கேயே ஓடும். ஸ்க்ரட்ச், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 2007இல் வெளியிட்டது, அதில் பிள்ளைகள் தாங்களே கேம் செய்யலாம். ரேடியோ கார்டனில் பூமி உருண்டையைச் சுழற்றிப் பல ஊர் ரேடியோவும் கேட்கலாம், வெளிநாட்டில் மகன் இருக்கிற ஊர் ரேடியோவைக் கேட்டுக்கொண்டே சமைக்கிற அம்மாவை எனக்குத் தெரியும். வாசிக்கிறவர்களுக்கு நூலகம் தளம் இருக்கிறது, ஈழத்துப் பழைய புத்தகங்கள், பத்திரிகைகள் எல்லாம் இலவசமாக. சிக்னல் போய்விட்டதா, குரோமில் வருகிற டைனோசரைப் பார்த்து ஸ்பேஸ் பட்டனைத் தட்டுங்கள், அது ஓடும், டேட்டாவும் கேட்காது.

படங்களை மட்டும் இரண்டு இடத்தில் வையுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். கூகுள் கணக்கோடு 15 ஜிபி சும்மா கிடைக்கிறது, மெயிலுக்கும் படத்துக்கும் சேர்த்துத்தான். கலியாணம், சடங்கு வீடியோவுக்கு அது போதாது, அதற்கு வெளியில் செருகுகிற ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி, கொப்பி பண்ணி, கழற்றி அலுமாரியில் வையுங்கள். கம்பியூட்டரிலேயே குத்தி வைத்தால் இடிக்கு இரண்டும் சேர்ந்து போகும்.

கடைக்கு வரும்போது மொனிட்டரைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள், சிபியு மட்டும் போதும். லேப்டாப் என்றால் சார்ஜரும் வேண்டும். திரையில் வந்ததைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். பாதி நேரம் அந்தப் படத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன், இன்னொரு தடவை வருகிற பஸ் காசு மிச்சம்.