தொட்டி எலுமிச்சைக்குக் கவாத்து: எந்த மொட்டை எழுப்புவது?

எலுமிச்சைக் கிளையின் நுனியை நறுக்கிவிட்டு இரண்டு மூன்று வாரம் கழித்துப் பாருங்கள். வெட்டுக்குச் சற்றுக் கீழே, இலைக்காம்பும் முள்ளும் சேருகிற இடுக்குகளில் துளிர் வந்திருக்கும். அந்த மொட்டுகள் முன்பே அங்கே உறங்கிக் கிடந்தவைதான். நுனியில் உருவாகும் ஆக்சின் என்னும் ஹார்மோன் கிளை வழியே இறங்கிக்கொண்டிருக்கும்வரை அவை எழுவதில்லை. நுனி போனதும் ஆக்சின் வரத்து நின்றுவிடுகிறது. நுனிக்குப் போய்க்கொண்டிருந்த சர்க்கரையும், வேரிலிருந்து ஏறும் சைட்டோகைனின் என்னும் இன்னொரு ஹார்மோனும் இந்த மொட்டுகளைத் தட்டி எழுப்புகின்றன.

அதனால் வெட்டும் இடம் முக்கியம். வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்கு 5 மில்லிமீட்டர் மேலே வெட்டினால் புதுக் கிளை வெளியே விரியும். நடுப்பகுதியில் வெளிச்சமும் காற்றும் இருக்கும். உட்பக்க மொட்டுக்கு மேல் வெட்டினால் கிளைகள் உள்ளே பின்னிக்கொள்ளும். ஒரு கிளையை முழுதாக எடுக்கும்போது, அடியில் சற்றுப் பருத்திருக்கும் வளையத்தை விட்டு வெட்டுங்கள். காயத்தை மூடும் திசு அங்கிருந்துதான் வளர்கிறது. நீளமாகக் குச்சி விட்டால் அது காய்ந்து, பூஞ்சை உள்ளே இறங்கும். காயத்துக்குப் பெயின்ட் பூசத் தேவையில்லை.

முதலில் கை வைக்க வேண்டியது ஒட்டுக்கட்டிய இடத்துக்குக் கீழே. அங்கே வருகிற போத்து வேர்ச்செடியுடையது, அதாவது நல்ல ரகத்தை ஒட்டுவதற்கு அடியில் வைத்த செடியுடையது; விட்டால் மேலிருக்கும் நல்ல ரகத்தையே அமுக்கிவிடும். வேர்ச்செடி மூவிலை இனமாக இருந்தால் ஒரே காம்பில் மூன்று சிற்றிலைகள் காட்டிக்கொடுத்துவிடும். வேறு இனமென்றால், முளைத்த இடத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இளசாக இருக்கும்போதே கையால் பிய்த்தெடுப்பது நல்லது. கத்தரித்தால் அடியிலுள்ள மொட்டுகள் மிஞ்சி மறுபடி துளிர்க்கும்.

அடுத்து காய்ந்தவை, உரசுபவை. அதோடு நிறுத்தினாலும் குற்றமில்லை. இலையுதிர்க்காத மரம் இது. உணவில் பெரும்பங்கை இலையிலும் கிளையிலும்தான் சேமிக்கிறது. ஒரே தடவையில் கால் பங்குக்கு மேல் எடுத்தால் கையிருப்பு ரொம்பக் குறைந்துவிடும். செடியைப் பந்து மாதிரி சுற்றி நறுக்குகிறவர்கள் உண்டு. பார்க்க அழகுதான், ஆனால் முற்றிய கிளைகளின் நுனியை ஒட்டித்தான் பூ அதிகம் வரும். காய் எங்கிருந்து வரும்? விதையிலிருந்து வளர்த்த செடி என்றால் இன்னும் சிக்கல். ஒரு கிளை குறிப்பிட்ட அளவு கணுக்களைக் கடந்த பிறகுதான் பூக்கும் பருவம் வரும். நுனியை நறுக்க நறுக்க அது தள்ளிப்போகும்.

கத்தரியை ஒரு செடிக்கும் அடுத்ததற்கும் நடுவே 70 சதவீத ஆல்கஹாலில் துடைத்தால் பாக்டீரியா சாகும். எக்சோகார்டிஸ் போன்ற நோய்களைத் தரும் வைராய்டுகளுக்கு, அதாவது வைரஸைவிடச் சிறிய கிருமிகளுக்கு, அது போதாது. ஒரு பங்கு ப்ளீச் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து அதில் முக்க வேண்டும். பிறகு கழுவித் துடைக்காவிட்டால் கத்தரி துருப்பிடிக்கும்.

காய் பறித்த பிறகு, அடுத்த துளிர்ப்புக்கு முன் வெட்டுவது சரியான நேரம். வெட்டியபின் பழைய அளவிலேயே தண்ணீர் ஊற்றுவதுதான் பலரும் செய்யும் தவறு. இலை குறைந்தால் உறிஞ்சுவதும் குறையும். மண் ஈரமாகவே கிடந்து வேர் அழுகும். விரலை மண்ணில் 5 சென்டிமீட்டர் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.