அனிமேஷன்: அசைவூட்டமா, உயிரூட்டமா?

அனிமேஷன் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது கார்ட்டூன். வரைந்த படமோ, பொம்மையோ, கணினி உருவமோ, தானாக அசையாத ஒன்றைத் திரையில் நடமாட வைக்கும் கலை எல்லாமே அனிமேஷன்தான். தமிழில் இதற்கு அசைவூட்டம், இயங்குபடம், உயிரூட்டம் என்று சில சொற்கள் புழங்குகின்றன.

மூலச் சொல் லத்தீன். 'அனிமா' என்றால் மூச்சு, உயிர். 'அனிமாரே' என்றால் உயிர் கொடுத்தல். விலங்கைக் குறிக்கும் 'அனிமல்' என்ற சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான். 'பிராணனை வாங்காதே' என்கிறோமே, அந்த வடமொழிப் பிராணனுக்குள்ளும் மூச்சுவிடுதல் என்ற பொருளில் 'அன்' என்ற வேர் இருக்கிறது. அதுவும் அனிமாவும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை. அப்படிப் பார்த்தால் இந்தச் சொல் நமக்கு அவ்வளவு அந்நியமும் இல்லை.

சரி, தொழிலில் இது எப்படி நடக்கிறது? இங்கிலாந்தின் ஆர்ட்மேன் நிறுவனத்தைப் பார்த்தால் நன்றாகப் புரியும். பீட்டர் லார்ட், டேவிட் ஸ்ப்ராக்ஸ்டன் இருவரும் பள்ளித் தோழர்கள். காது கேளாத பிள்ளைகளுக்காக பிபிசி நடத்திய நிகழ்ச்சிக்கு ஒரு துண்டுப் படம் செய்து கொடுத்தார்கள். அதில் வந்த அசட்டு சூப்பர் ஹீரோவின் பெயரையே 1972இல் நிறுவனத்துக்கும் வைத்துவிட்டார்கள். 1976இல் பிரிஸ்டலுக்குக் குடிபெயர்ந்தார்கள். அடுத்த ஆண்டே 'மார்ஃப்' என்ற குட்டிக் களிமண் மனிதன் தொலைக்காட்சிக்கு வந்தான்.

களிமண் என்று சொன்னாலும் அது குளத்து மண் இல்லை. எண்ணெய்ப் பசை கலந்த, காய்ந்து போகாத பிளாஸ்டிசின் வகை. பிளாஸ்டிசினை 1897 வாக்கில் உருவாக்கியவர் வில்லியம் ஹார்பட் என்ற ஓவிய ஆசிரியர். அவர் ஊர் பிரிஸ்டலுக்குப் பக்கத்திலிருக்கும் பாத்.

பொம்மைக்குள் கம்பியாலோ எஃகாலோ ஓர் எலும்புக்கூடு இருக்கும். கையை இம்மி நகர்த்தி ஒரு படம், இன்னும் இம்மி நகர்த்தி இன்னொரு படம். இதற்குத்தான் ஸ்டாப் மோஷன் என்று பெயர். திரையில் ஒரு நொடி ஓட 24 ஃபிரேம், அதாவது 24 தனிப் படங்கள் வேண்டும். ஒரே நிலையை இரண்டு ஃபிரேமுக்கு வைத்துக்கொண்டாலும் நொடிக்கு 12 முறை பொம்மையைத் தொட வேண்டும். நாள் முழுக்க நின்று வேலை செய்தாலும் சில நொடிப் படம்தான் தேறும். அப்புறம் உற்றுப் பார்த்தால் பொம்மைகளின் மேல் விரல் ரேகை தெரியும். எனக்கு அந்தப் படங்களில் மிகவும் பிடித்தது அதுதான்.

1985இல் அனிமேஷன் கலைஞர் நிக் பார்க் ஆர்ட்மேனில் வந்து சேர்ந்தார். அவர் உருவாக்கிய களிமண் நாய் குரோமிட்டுக்கு வாயே கிடையாது. புருவ மேட்டை அழுத்தினால் கவலை, தூக்கினால் சந்தேகம், அவ்வளவுதான். ஆனால் அது என்ன நினைக்கிறது என்று சின்னக் குழந்தைக்கும் தெரிந்துவிடும். 2000இல் ஹாலிவுட் நிறுவனமான ட்ரீம்வொர்க்ஸுடன் சேர்ந்து ஆர்ட்மேன் எடுத்த முதல் முழுநீளப் படம் 'சிக்கன் ரன்' உலகமெங்கும் 20 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. 2007இல் அந்தக் கூட்டு முறிந்தது. 2018இல் நிறுவனர்கள் முக்கால்வாசிப் பங்கை ஊழியர்களுக்கான அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார்கள். வளர்ந்த நிறுவனத்தை விற்றுக் காசாக்காமல், பொம்மையைத் தொடும் கைகளிடமே கொடுத்தது பெரிய காரியம்.

இப்போது தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். 'இயங்குபடம்' முடிந்த படத்தைக் குறிக்கிறது; வேலையைக் குறிக்கவில்லை. 'அசைவூட்டம்' தெளிவான சொல், நன்றாக வேரும் ஊன்றிவிட்டது. அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் காற்றில் ஆடும் தாளும் அசையத்தான் செய்கிறது. குரோமிட்டின் புருவத்தில் நடப்பதைச் சொல்ல எனக்கு 'உயிரூட்டம்'தான் வேண்டும். மூலப் பொருளுக்கும் அதுவே நெருக்கம். 'நடிப்பால் பாத்திரத்துக்கு உயிரூட்டினார்' என்று ஏற்கெனவே எழுதுவதால் குழப்பம் வரும் என்பார்கள். 'உயிரூட்டப் படம்', 'உயிரூட்டுநர்' என்று எழுதினால் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. ஸ்டாப் மோஷனை 'நிறுத்தி எடுக்கும் உயிரூட்டம்' என்றும், ஆர்ட்மேன் செய்வதைக் 'களிமண் உயிரூட்டம்' என்றும் தயங்காமல் எழுதலாம்.