நடிகரைத் திட்டும் முன் படத்தை முழுசாகப் பாருங்கள்

புதுச்சேரியில் நடிப்பு சொல்லித்தருகிறேன். என்னிடம் படித்த ஒரு பெண், அண்ணனைப் பறிகொடுத்த தங்கையாகச் சின்னப் படமொன்றில் நடித்தாள். அவள் கதறும் இடத்தை மட்டும் வெட்டி, சிரிப்புச் சத்தம் சேர்த்து யாரோ சுற்றவிட்டார்கள். இப்போது ஒத்திகையில் அவளுக்குக் குரலே எழும்பவில்லை. இப்படி என் முன்னால் வந்து நின்ற முதல் பிள்ளையும் இவளில்லை.

அடக்கி வாசித்தால் நல்ல நடிப்பு, கத்தினால் ஓவர் ஆக்டிங். இந்த அளவுகோலை உங்களுக்கு யார் கொடுத்தார்கள்? கடலூர், விழுப்புரம் பக்கம் இன்றும் விடிய விடியத் தெருக்கூத்து நடக்கிறது. பதினெட்டாம் போரில் துரியோதனன் வேஷக்காரர் அலறும்போது, மிகையாக இருக்கிறது என்று ஊரில் யாரும் எழுந்து போவதில்லை. வேஷம் கேட்கிறது, அவர் கொடுக்கிறார். கேமரா முகத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுவதால் சினிமாவில் அளவு குறையும்தான். எப்போதும் குறைத்தே ஆக வேண்டும் என்று சட்டமில்லை. உயிர்ப்பயத்தில் இருப்பவள் அழகாகப் பயப்பட மாட்டாள். மூக்கு ஒழுகும், குரல் கீச்சிடும், கை சொன்னபடி கேட்காது. பார்க்க நமக்குச் சங்கடமாக இருப்பது வேறு, நடிப்பு மோசமாக இருப்பது வேறு.

ஹாலிவுட் நடிகை ஷெல்லி டுவாலுக்கு நடந்தது இதுதான். 1980இல் வந்த 'தி ஷைனிங்' என்ற திகில் படத்துக்காக, அந்த ஆண்டின் மோசமான நடிகை என்று, மோசமானவற்றுக்குக் கேலியாகத் தரும் ராஸ்ஸி விருதுப் பட்டியலில் அவரைச் சேர்த்தார்கள். 2022இல் அதைத் திரும்பப் பெற்றபோது, படப்பிடிப்பில் இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் அவரை நடத்திய விதத்தைக் காரணமாகச் சொன்னார்கள். எனக்கு அது போதாது. இரக்கப்படுவது இருக்கட்டும், அவர் வேலையைப் பாருங்கள். பேஸ்பால் மட்டையை வீசிக்கொண்டே படிக்கட்டில் பின்பக்கமாக ஏறுவார். புருஷனை அடிக்க மனசு வரவில்லை, அடிக்காமல் தப்பவும் முடியாது. அந்த இரண்டும் ஒரே உடம்பில் தெரியும். அவர் அப்படிப் பயந்திருக்காவிட்டால், புருஷனாக நடித்த ஜாக் நிக்கல்சனின் வெறி வெறும் முகச்சேட்டையாகப் போயிருக்கும்.

மணிரத்னம் ஒரே கதையைத் தமிழில் 'ராவணன்' என்றும் இந்தியில் 'ராவண்' என்றும் எடுத்தார், இரண்டும் 2010இல் வந்தன. தமிழில் விக்ரம் செய்த வேடம் இந்தியில் அபிஷேக் பச்சனுக்கு. விக்ரமைக் கொண்டாடியவர்களே அபிஷேக்கைக் கிழித்தார்கள். எனக்கும் விக்ரமுடையதுதான் பிடிக்கும். ஆனால் பத்துத் தலைக்காரனின் சாயலில் எழுதப்பட்டவன் அவன். அவன் புத்தி ஒரு நிலையில் நிற்காது, பேச்சும் சிரிப்பும் அறுந்து அறுந்துதான் வரும். அபிஷேக் தெரிந்தே எடுத்த முடிவு அது. பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். நடிக்கத் தெரியவில்லை என்று சொல்லாதீர்கள்.

டப்பிங்கில் குரல் பல நேரம் வேறொருவருடையது, எடிட்டிங்கில் எந்த டேக் போகும் என்பதும் நடிகர் கையில் இல்லை. இதையெல்லாம் இன்னும் எத்தனை தடவை சொல்வது?

துண்டு வீடியோவை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். படத்தைப் பாருங்கள். உறுத்திய காட்சியைச் சத்தம் இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். உறுத்தியது நடிப்பா, வசனமா, பின்னணி இசையா என்று அப்போது தெரியும். அந்த நிமிஷத்தில் அந்தப் பாத்திரத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். விமர்சனம் எழுதும் தம்பி தங்கைகளே, 'செட் ஆகல' என்று முடித்துவிடாமல் எந்த இடத்தில், ஏன் என்று எழுதுங்கள்.

அப்புறம் ஒன்று, தயவுசெய்து. கேலி வீடியோவில் அந்த நடிகரின் பெயரை டேக் செய்யாதீர்கள். முதல் படம் நடித்த பிள்ளைகள் ராத்திரி தூங்காமல் எல்லாக் கமெண்டையும் படிக்கிறார்கள்.