பக் விடும் குறட்டையைக் கொஞ்சம் கவனியுங்கள்

போன வாரம் மதியம் மூன்று மணிக்கு ஒரு பக் நாயை ஈரத்துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாக்கு நீலம் பாரித்துவிட்டது. உடல் சூடு 107 டிகிரி. நாய்க்கு 101, 102 இருந்தால் சரி. "மாடியில பந்து விளையாடிட்டு இருந்தான் டாக்டர், அரை மணி நேரம்கூட இருக்காது" என்றார் வீட்டுக்காரர். காப்பாற்ற முடியவில்லை. இந்தக் கோடையில் எனக்கு இது நான்காவது.

ஊசி போடும்போதே கேட்டேன், குறட்டை விடுவானா என்று. "நல்லா விடுவான் டாக்டர். பக்னாலே அப்படித்தானே?"

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. எல்லா பக்கும் குறட்டை விடுகிறது என்பதால் அது இயல்பாகிவிடாது. ஒரு தெருவில் எல்லோருக்கும் இருமல் என்றால் காற்றைச் சோதிப்போமா, இருமுவதுதான் அந்தத் தெருவின் வழக்கம் என்போமா? தட்டை முகம் வேண்டுமென்று எலும்பைக் குட்டையாக்கிவிட்டோம். உள்ளே இருக்கும் அண்ணச் சதை குட்டையாகவில்லை. அது தொண்டையை அடைக்கிற சத்தம்தான் நீங்கள் வீடியோ எடுத்து அனுப்புவது. பொம்மையைக் கவ்விக்கொண்டே தூங்குகிறது என்று ரசிக்கிறீர்களே, வாய் மூடினால் மூச்சு வராது, அதனால்தான் கவ்வியிருக்கிறது.

நான் படிக்கும் காலத்தில் வீட்டுக்கு வீடு பொமரேனியன். (பாதிக்கு மேல் இந்தியன் ஸ்பிட்ஸ், சொன்னால் கோபித்துக்கொள்வார்கள்.) 2003இல் ஹட்ச் என்ற செல்போன் கம்பெனியின் விளம்பரத்தில் ஒரு பையன் பின்னாலேயே பக் போனது. அப்புறம் குழந்தைகள் 'ஹட்ச் நாய்' கேட்டு அடம்பிடிக்க, விற்பவர்கள் தாய் நாய்க்கு ஓய்வே கொடுக்காமல் மேட்டிங் விட்டார்கள். முகம் எவ்வளவு தட்டையோ அவ்வளவு விலை. கம்பெனிப் பெயரே மாறிப்போனது; அந்த மூக்கு மட்டும் இன்னும் என் மேஜைக்கு வருகிறது.

இப்போது பக் கேட்பவர்கள் குறைவு, பனிநாட்டு நாயான ஹஸ்கிதான் மோகம். நம் வெயிலுக்கு ஒவ்வாது என்று தமிழக அரசின் 2024 நாய் இனப்பெருக்கக் கொள்கை ஒதுக்கிய பட்டியலில் அதுவும் உண்டு. "ஏசி இருக்கு டாக்டர்" என்பார்கள். கரண்ட் போனால்?

பக் வளர்ப்பவர்கள் கேளுங்கள். காலை ஏழு மணிக்குமேல் வெளியே கூட்டிப்போகாதீர்கள். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு நெஞ்சைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸ் மாட்டுங்கள். பிஸ்கட்டை நிறுத்துங்கள், குண்டானால் மூச்சு இன்னும் அடைக்கும். மயங்கி விழுந்தால் சாதாரணத் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, ஃபேன் காற்றில் வைத்து, உடனே கிளம்பி வாருங்கள். வாயில் தண்ணீர் புகட்ட வேண்டாம்.

மூக்குத் துவாரம் கோடு போல ஒட்டியிருந்தால் அதை அகலப்படுத்தலாம், சின்ன ஆபரேஷன்தான். கருத்தடைக்குக் கூட்டிவரும்போது மூக்கையும் பார்க்கச் சொல்லுங்கள், தயவுசெய்து. ஒரே மயக்க மருந்தில் இரண்டையும் முடித்துவிடலாம்.