தங்கத்துக்குத் தனிச் சத்தம் கிடையாது

இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் பகுதியில் ஹெமியோக் என்றொரு கிராமம். 2021 செப்டம்பரில் அங்கே ஒரு வயலில் மெட்டல் டிடெக்டரோடு நடந்துகொண்டிருந்தவருக்கு ஒரு பீப் சத்தம் கேட்டது. நான்கு அங்குலம் தோண்டினார். மண்ணோடு சேர்ந்து ஒரு தங்கக் காசு வந்தது. 1257-ல் மூன்றாம் ஹென்றி மன்னர் வெளியிட்ட தங்கப் பென்னி அது. இன்று உலகத்தில் இருப்பதாகத் தெரிந்தவை எட்டே எட்டு. 2022 ஜனவரியில் லண்டனில் நடந்த ஏலத்தில், கமிஷனையும் சேர்த்து 6,48,000 பவுண்டுக்கு அது விலைபோனது.

இதைப் படிக்கிற யாருக்கும் முதலில் தோன்றுவது, தங்கத்தைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை வாங்கினால் என்ன என்பதுதான். அப்படி ஒரு கருவி கிடையாது. மெட்டல் டிடெக்டருக்குத் தங்கம் தெரியாது, வெள்ளியும் தெரியாது. தனக்குக் கீழே மின்சாரம் சுற்றிவரக்கூடிய ஏதோ ஒன்று இருக்கிறது, அந்தச் சுற்று எவ்வளவு நேரம் தாங்குகிறது, இந்த இரண்டு தகவல்தான் அதற்குத் தெரியும்.

சந்தையில் மண்சட்டி வாங்கும்போது விரல் முட்டியால் தட்டிப் பார்ப்போமே, அந்த வேலையைத்தான் இந்தக் கருவியும் செய்கிறது. விரலுக்குப் பதில் காந்தப்புலத்தால் தட்டுகிறது. கைப்பிடியின் அடியில் தட்டு மாதிரி இருக்கும் பாகத்துக்குள் கம்பிச்சுருள் இருக்கிறது. அதில் ஓடும் மின்சாரம் நொடிக்குப் பல ஆயிரம் தடவை திசை மாறும். அதனால் சுருளைச் சுற்றியுள்ள காந்தப்புலமும் அதே வேகத்தில் மாறும். மாறுகிற காந்தப்புலத்துக்கு நடுவில் ஓர் உலோகத் துண்டு அகப்பட்டால் அதற்குள் மின்சாரம் தானாகவே வட்டமடிக்கத் தொடங்கும். மைக்கேல் ஃபாரடே 1831-ல் கண்டறிந்த மின்தூண்டல் இதுதான். வட்டமடிக்கும் அந்த மின்சாரத்துக்குச் சுழல் மின்னோட்டம் என்று பெயர். அது தன் பங்குக்கு ஒரு சின்னக் காந்தப்புலத்தை உண்டாக்கி மேலே அனுப்பும். அந்தப் பதிலைக் கேட்பதற்காகத் தட்டுக்குள் இரண்டாவதாக ஒரு சுருள் இருக்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கேட்கும் சுருளுக்குப் பக்கத்திலேயே அனுப்பும் சுருள் இருக்கிறது. திருவிழா ஒலிபெருக்கிக்கு அடியில் நின்றுகொண்டு எதிர்த் தெருவில் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்பது போன்ற நிலை. இதற்கான தீர்வு எளிமையானது, எனக்கு மிகவும் பிடித்ததும்கூட. இரண்டு சுருள்களையும் ஓரளவு ஒன்றன்மேல் ஒன்று படியும்படி வைக்கிறார்கள். அனுப்பும் சுருளின் காந்தக் கோடுகள் உள்ளே மேல்நோக்கிப் போனால் வெளியே கீழ்நோக்கித் திரும்பும். கேட்கும் சுருளின் ஒரு பகுதிக்குள் மேல்நோக்கியும் மறு பகுதிக்குள் கீழ்நோக்கியும் சம அளவில் கோடுகள் புகுமாறு இடம் பார்த்து ஒட்டிவிட்டால் இரண்டும் கழிந்து பூஜ்யமாகிவிடும். உலோகம் வந்து அந்தச் சமநிலையைக் கலைக்கும் வரை கேட்கும் சுருளில் மௌனம்தான்.

பதில் வந்தாயிற்று. அது காசா, ஆணியா? பித்தளைச் சொம்பைத் தட்டினால் கணீரென்று நீளும். மண்ணை அடைத்துவிட்டுத் தட்டினால் டொக்கென்று அடங்கும். அதேபோல் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் கனமான வெள்ளிக் காசில் சுழல் மின்னோட்டம் சற்று நேரம் நிலைக்கும். மெல்லிய அலுமினியத் தாளில் உடனே அடங்கிவிடும். நிலைக்கும் நேரம் கூடினால், அனுப்பிய அலைக்கும் திரும்பி வரும் அலைக்கும் இடையிலான தாமதம் கூடும். இந்தத் தாமதத்தை அளந்துதான் திரையில் ஓர் எண்ணைக் காட்டுகிறார்கள்.

தங்கம் வெள்ளி அளவுக்கு இல்லாவிட்டாலும் அருமையான கடத்திதான். ஆனால் தாமதத்தை உலோகம் மட்டும் தீர்மானிப்பதில்லை, பொருளின் அகலமும் தடிமனும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. மூன்றாம் ஹென்றியின் பென்னி மூன்று கிராம்கூட இல்லாத மெல்லிய தகடு. இப்படிப்பட்ட சிறு தங்கப் பொருள்கள் காட்டும் எண், குளிர்பான டின்னைத் திறக்கும்போது கையோடு வரும் வளையம் காட்டும் எண்ணோடு போய் ஒட்டிக்கொள்ளும். மோதிரங்களுக்கும் இதே கதிதான். குப்பையைத் தோண்டச் சலித்துப்போய் அந்த எண்களை ஒதுக்கும்படி கருவியில் அமைத்துக்கொள்பவர்கள், எவ்வளவு தங்கத்தைத் தாண்டி நடந்திருக்கிறார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது.

இரும்பு வேறு ரகம். அதில் சுழல் மின்னோட்டம் ஓடுவதோடு, அது தானே காந்தமாகி காந்தக் கோடுகளைத் தன் பக்கம் இழுக்கிறது. பதிலின் தன்மையே மாறிவிடுவதால் ஆணிகளை ஓரளவு நம்பி ஒதுக்கலாம். சோடா பாட்டில் மூடி மட்டும் விதிவிலக்கு. இரும்புதான் என்றாலும் வட்டமாக, தட்டையாக இருப்பதால் பல கருவிகளை அது காசு என்று நம்பவைத்துவிடும்.

அடுத்தது ஆழம். ஹெமியோக் காசு நான்கு அங்குலத்தில் கிடந்தது தற்செயலாக இருக்கலாம். இருபது அங்குலத்தில் கிடந்திருந்தால் அவர் அதன்மேல் நடந்து போயிருப்பார் என்பது மட்டும் இயற்பியல். சுருளின் அகலத்தைத் தாண்டிய பிறகு காந்தப்புலம் தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறைகிறது. தூரம் இரட்டித்தால் எட்டில் ஒரு பங்கு. காசிடமிருந்து திரும்பி வரும் புலமும் அப்படியே குறைகிறது. போக எட்டு, வர எட்டு. ஆக ஆழம் இரட்டித்தால் பதில் அறுபத்து நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். கருவியின் சக்தியை இரண்டு மடங்காக்கினாலும் ஆழம் கொஞ்சம்தான் கூடும். பல அடி ஆழத்தில் கிடக்கும் ஒற்றைக் காசைக் காட்டும் கருவி என்று யாராவது விற்றால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

மண்ணும் சும்மா இருப்பதில்லை. செம்மண்ணில் உள்ள இரும்பு ஆக்சைடு தன் பங்குக்குப் பதில் சொல்லும். கடற்கரையின் ஈர மணலோ உப்பினால் மின்சாரத்தைக் கடத்தும். கருவியின் தட்டைத் தரைக்கு மேலாக ஏற்றி இறக்கி, மண்ணின் பதிலைக் கருவிக்குப் பழக்கி, அதைக் கழிக்கச் சொல்வது முதல் வேலை. கடற்கரைக்கு இன்னொரு வகைக் கருவி உண்டு. அது சுருளில் மின்சாரத்தைச் செலுத்திச் சட்டென்று நிறுத்திவிட்டு, மைக்ரோநொடிக் கணக்கில் காத்திருந்து பிறகே கேட்கும். அதற்குள் உப்பு மணலின் பதில் அடங்கியிருக்கும், உலோகத்தின் பதில் மிச்சமிருக்கும். ஆனால் ஆணியையும் காசையும் பிரித்தறிவதில் இந்த வகை மட்டம்.

இந்த நுட்பம் புதையலுக்காகப் பிறந்ததல்ல. 1881-ல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்ட் சுடப்பட்டபோது, உடலுக்குள் தங்கிவிட்ட குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஒரு மின்தூண்டல் கருவியோடு வெள்ளை மாளிகைக்கு வந்தார். குண்டு அகப்படவில்லை. கட்டிலில் இருந்த எஃகு ஸ்பிரிங்குகள் குழப்பின. போதாததற்கு, குண்டு வலப்பக்கம்தான் இருக்கிறது என்று தலைமை மருத்துவர் பிடிவாதமாக இருந்தார். ஜனாதிபதி இறந்தபின் பார்த்தால் அது இடப்பக்கம் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் போலந்து ராணுவப் பொறியாளர் யூசெஃப் கோசாட்ஸ்கி கையில் தூக்கிச் செல்லும் கண்ணிவெடி உணரியை வடிவமைத்தார். 1942-ல் எல் அலமெய்ன் போரில் அது பயன்பட்டது. இன்று கோயில் வாசலிலும் விமான நிலையத்திலும் நம்மைத் தடவிப் பார்ப்பதும் இதே மின்தூண்டல்தான்.

அந்தக் காசு ஏன் அவ்வளவு அரிது? அதற்குக் காரணமும் உலோகம்தான். ஹென்றியின் பொற்கொல்லரான குளோஸ்டர் வில்லியம் ஏறக்குறைய 52,000 காசுகள் அடித்தார் என்று கணக்கு. 20 வெள்ளிப் பென்னிக்குச் சமம் என்று அரசர் விலை வைத்தார். ஆனால் காசில் இருந்த தங்கம் அதைவிடக் கூடுதலாகப் பெறும். அன்றாடச் செலவுக்கும் அது ரொம்பப் பெரிய காசு. லண்டன் நகரத்தார் வேண்டாம் என்று முறையிட்டார்கள். செலவழிப்பதைவிட உருக்குவது லாபம் என்றால் எந்தக் காசு மிஞ்சும்? 1344 வரை இங்கிலாந்தில் மறுபடி தங்கக் காசு அடிக்கவே இல்லை.

கண்டெடுத்தவரால் அந்தக் காசை ஏலத்தில் விற்க முடிந்ததற்குச் சட்டமும் ஒரு காரணம். இங்கிலாந்தின் 1996-ஆம் வருடப் புதையல் சட்டப்படி ஒற்றைக் காசு பொதுவாகப் புதையல் ஆகாது. நம் ஊரில் அந்தக் கதை நடக்காது. இந்தியப் புதையல் சட்டம் 1878-ல் எழுதப்பட்டது. மண்ணில் மறைந்து கிடந்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். அன்றைய பத்து ரூபாயில் என்னென்னவோ வாங்கியிருக்கலாம். இன்று ஒரு டீகூடக் கஷ்டம்.

கிடைத்ததைத் தெரிவிக்க வேண்டும் என்பதற்குச் சட்டம் மட்டும் காரணமில்லை. எந்த மண்ணடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பது தெரியாவிட்டால் காசு தன் கதையில் பாதியை இழந்துவிடும். 1992-ல் சஃபோக் பகுதியின் ஹாக்ஸ்ன் கிராமத்தில் ஒரு விவசாயி சுத்தியலைத் தொலைத்துவிட்டார். நண்பர் ஒருவர் டிடெக்டரோடு தேட வந்தார். அவர் தேடியது எல்லோரும் ஒதுக்குகிற இரும்பை. கிடைத்ததோ ரோமானியர் காலத்துப் பொன்னும் வெள்ளியும். முழுதாகத் தோண்டாமல் நிறுத்தித் தகவல் சொன்னதால் தொல்லியலாளர்கள் வந்து ஒழுங்காக அகழ்ந்தார்கள். ஏறத்தாழ 15,000 காசுகள், மரப்பெட்டியின் தடயம், எந்தப் பொருள் எதன்மேல் அடுக்கப்பட்டிருந்தது என்ற விவரம் எல்லாம் கிடைத்தன. சுத்தியலும் கிடைத்தது. இப்போது அது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.