தெருவிளக்கு நிமிர்ந்து பார்த்தால் பூசம் மறையும்

எங்கள் தெருமுனையில் பழைய சோடியம் விளக்கைக் கழற்றிவிட்டு எல்இடி மாட்டினார்கள். வெளிச்சம் நன்றாகத்தான் இருக்கிறது. வழியில் பாம்பு கிடந்தால் தெரிகிறது, குறை சொல்ல முடியாது. ஆனால் அன்றைக்கு ராத்திரி மொட்டை மாடிக்குப் போனால், தெருவைப் பார்க்க வேண்டிய விளக்கு நேராக என் முகத்தைப் பார்க்கிறது. பழைய கம்பத்தின் குழாய்க் கை மேல்நோக்கிச் சாய்ந்தது. அதன் நுனியில் தட்டையான புது விளக்கை அப்படியே செருகிவிட்டதால் அதுவும் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு எதிர்வீட்டு மாடிகளை நோக்கி எரிகிறது. மாட்ட வந்தவரிடம் கேட்டேன், "அண்ணா, கொஞ்சம் கீழ்ப்பக்கமா சாய்க்க முடியுமா?" "பைப்பே அப்படித்தான் இருக்கு தம்பி" என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் ஊர் ஆலங்காயத்துக்குப் பக்கம். கிழக்கே ஜவ்வாது மலை. அந்த மலையில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரத்தில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. வானியலாளர் வைணு பாப்பு 1960களில் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு இருட்டு ஒரு காரணம். நிலநடுக்கோட்டுக்குப் பக்கமாக இருப்பதால் தென்வானமும் நன்றாகத் தெரியும் என்பது இன்னொரு காரணம். 1986இல் அங்கே திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு இன்று அவர் பெயர்தான். அப்படிப்பட்ட மலையின் அடிவாரத்தில் இருந்துகொண்டு ஒரு தெருவிளக்கால் நட்சத்திரம் தெரியவில்லை என்று புலம்புவது எனக்கே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

ஒரு நாள் கரண்ட் போனது. அப்போதுதான் இதில் இரண்டு தனித்தனி விஷயங்கள் கலந்து கிடக்கின்றன என்று புரிந்தது. ஊர் முழுக்க இருட்டு, விளக்கின் கூச்சம் போய்விட்டது, தலைக்கு மேல் நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஆனால் மேற்கே அடிவானத்தில் வாணியம்பாடிப் பக்கம் கவிழ்த்த சட்டி மாதிரி ஒரு வெளிறிய வெளிச்சம் அப்படியே நின்றது. அங்கே வேறு ஃபீடர், கரண்ட் இருக்கிறது. ஆக, கண்ணைக் குத்தும் நம் தெருவிளக்கு ஒன்று, வானத்தையே வெளுக்க வைக்கும் தூரத்து டவுன் வெளிச்சம் இன்னொன்று. முதலாவது கெடுப்பது கண்ணை, இரண்டாவது கெடுப்பது வானத்தை.

முதலில் கண். இருட்டுக்குள் போனதும் கண்பாவை சில நொடிகளில் விரிகிறது. இளம் வயதில் ஏழு மில்லிமீட்டர் வரை விரியும், வயதானால் அவ்வளவு விரியாது. அதோடு வேலை முடிவதில்லை. விழித்திரையில் மங்கிய வெளிச்சத்தைப் பிடிப்பவை குச்சி செல்கள். அவற்றில் உள்ள ரோடாப்சின் என்ற நிறமி வெளிச்சம் பட்டதும் சிதைந்துவிடும், இருட்டில் மெதுவாகத்தான் திரும்பச் சேரும். ஓரளவு சேர்வதற்கே இருபது முப்பது நிமிடம் வேண்டும். அரைமணி நேரம் பொறுமையாக உட்கார்ந்து சேர்த்த சொத்தை, யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய குட் நைட் படம் ஒரே நொடியில் தின்றுவிடும். சிவப்பு வெளிச்சம் குச்சி செல்களை அவ்வளவாகத் தொடாது, அதனால்தான் வானம் பார்ப்பவர்கள் டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொள்கிறார்கள். இன்னொரு தந்திரம், மங்கலானதை நேராகப் பார்க்கக் கூடாது. விழித்திரையின் நடுப்புள்ளியில் குச்சி செல்களே கிடையாது. பார்வையைக் கொஞ்சம் ஓரமாகத் திருப்பினால் மறைந்திருந்தது எட்டிப் பார்க்கும்.

இதைப் பழகிப் பார்க்கப் பூசம் நல்ல இடம். சித்திரைத் தொடக்கத்தில் இரவு எட்டு மணி வாக்கில் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் இருக்கும். பூசத்து விண்மீன்களுக்கு நடுவே, விபூதியைத் தேய்த்த மாதிரி ஒரு வெண்திட்டு தெரிய வேண்டும். அது ஒரு விண்மீன் கூட்டம். பைனாகுலரில் பார்த்தால் பொடிப்பொடியாகப் பிரியும், நல்ல இருட்டில் வெறுங்கண்ணுக்குத் திட்டாகவே தெரியும். எல்இடி வந்த பிறகு எங்கள் மாடியிலிருந்து அந்தத் திட்டு காணாமல் போனது.

அடுத்தது வானம். டவுன் வெளிச்சத்தால் நட்சத்திரம் மங்குவதில்லை, அதே வெளிச்சத்தோடுதான் வந்து சேருகிறது. அதன் பின்புலம்தான் வெளுக்கிறது. கறுப்புக் கம்பளியில் சிந்திய அரிசியைப் பொறுக்கிவிடலாம், வெள்ளை வேட்டியில் சிந்தினால் தடவித்தான் எடுக்க வேண்டும். அதிலும் பூசம், பால்வழி மாதிரிப் பரவிக் கிடக்கும் வெளிச்சங்கள்தான் முதலில் போகும்.

வானத்தை வெளுக்க வைப்பது எது? விளக்கிலிருந்து மேலே போகும் ஒளி காற்று மூலக்கூறுகளிலும் தூசியிலும் ஈரத்திலும் மோதிச் சிதறி, ஒரு பங்கு நம் கண்ணுக்குத் திரும்பி வருகிறது. நேர் செங்குத்தாக மேலே அடிக்கும் விளக்குதான் மோசம் என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்படியில்லை. செங்குத்தாகப் போகும் ஒளி அடர்த்தியான காற்றைச் சில கிலோமீட்டரில் கடந்துவிடுகிறது. கிடைமட்டத்துக்குச் சற்றே மேலாகப் போகும் ஒளிதான், தரையை ஒட்டிய தூசிக் காற்றுக்குள்ளேயே பல கிலோமீட்டர் ஊர்ந்து, போகும் வழியெல்லாம் சிதறி, பக்கத்து ஊர்களின் வானத்தையும் கெடுக்கிறது. எங்கள் விளக்கு கழுத்தை நிமிர்த்தினால் ஒளி போவது சரியாக அந்தத் திசையில்தான்.

தூரம் ஓரளவு காப்பாற்றும். மெர்ல் வாக்கர் என்ற அமெரிக்க வானியலாளர் 1970களில் கலிஃபோர்னியா நகரங்களை அளந்து ஒரு கணக்குச் சொன்னார். நகரத்திலிருந்து இரண்டு மடங்கு தூரம் தள்ளிப் போனால் அதன் வான வெளிச்சம் பாதியாவதில்லை, ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகக் குறைகிறது.

நிறத்துக்கும் இதில் பங்கு உண்டு. பகல் வானம் ஏன் நீலமோ அதே காரணம்தான், நீல ஒளியைக் காற்று அதிகமாகச் சிதறடிக்கிறது. வெள்ளை எல்இடியின் நீல உச்சம் 450 நானோமீட்டர் அலைநீளத்துக்குப் பக்கம், பழைய சோடியம் விளக்கின் மஞ்சள் 589 பக்கம். இந்த இரண்டில் நீலம் சுத்தமான காற்றில் சுமார் மூன்று மடங்கு சிதறும். வேடிக்கை என்னவென்றால், இரவு வெளிச்சத்தை உலகளவில் அளக்கப் பயன்படும் முக்கியமான செயற்கைக்கோள் கருவி 500 நானோமீட்டருக்குக் கீழே, அதாவது இந்த நீலத்தை, பார்ப்பதே இல்லை. ஆகவே சோடியத்தை எடுத்துவிட்டு எல்இடி போட்ட ஊர் மேலிருந்து பார்த்தால் இருட்டாகிவிட்ட மாதிரி தோன்றலாம். 2023இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு இதனால்தான் மனிதக் கண்ணை நம்பியது. 2011 முதல் 2022 வரை பொதுமக்கள் வெறுங்கண்ணால் பார்த்து அனுப்பிய 50,000க்கும் மேற்பட்ட பதிவுகளை வைத்து, வானம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 சதவீதம் வெளுத்துவருவதாகக் கணக்கிட்டார்கள். எட்டு வருடத்துக்குள் இரட்டிப்பு. பதிவுகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்தும் வட அமெரிக்காவிலிருந்தும் வந்தவை, நம் பக்கத்துக்கு அதே எண்ணை அப்படியே ஒட்டிவிட வேண்டாம்.

அப்புறம் காற்று. கோடை மழை ஒன்று அடித்துத் தூசியைக் கழுவிவிட்டுப் போன மறுநாள் ராத்திரி வானத்தைப் பாருங்கள், வேறு ஊருக்கு வந்த மாதிரி இருக்கும். மார்கழியில் மேகம் குறைவு என்றாலும் பனி இறங்கும், பைனாகுலர் கண்ணாடி வியர்க்கும், போகிப் புகை வேறு. லடாக்கில் ஹான்லே 4,500 மீட்டர் உயரத்தில் வறண்ட காற்றும் சொற்ப மக்களும் உள்ள இடம். சுற்றியுள்ள 1,073 சதுர கிலோமீட்டரை 2022 டிசம்பரில் இருள் வானக் காப்பிடமாக அறிவித்தார்கள். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தினசரி காலண்டரில் அமாவாசையைப் பார்த்து வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். பௌர்ணமி நிலா போடும் வெளிச்சத்தில் மேலே சொன்ன எல்லாமே அடிபட்டுப் போகும்.

நட்சத்திரம் ஜிகுஜிகுவென்று மின்னினால் நல்ல வானம் என்று பலர் சொல்வார்கள். மின்னுவது காற்று கலங்குவதால், தொலைநோக்கிக்காரர்களுக்கு அது தலைவலி. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் மாடியிலிருந்து இரவில் எழும் வெப்பமும் அதே வேலையைச் செய்யும். அறுத்த வயல் அதற்குத் தேவலை.

நான் செய்தது சின்ன வேலை. எங்கள் வாசல் பல்புக்குக் காலி பெயிண்ட் டப்பாவை வெட்டிக் குல்லா போட்டேன். வாசலில் முன்பைவிட வெளிச்சம் அதிகம், மாடிக்கு ஒன்றும் வருவதில்லை. எதிர்வீட்டு அக்கா ஒரு வாரம் சிரித்துவிட்டு, மாட்டுக்கொட்டகை பல்புக்கும் ஒன்று வெட்டித் தரச் சொன்னார். தெருவிளக்கு இன்னும் நிமிர்ந்துதான் நிற்கிறது. சித்திரை அமாவாசையன்று அதை மறைக்க மாடியில் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் பாயைப் போட்டுப் படுத்தேன். இருபத்தைந்து நிமிடம் போனைத் தொடவில்லை. பூசத்தை நேராகப் பார்க்காமல் சற்றுத் தள்ளிப் பார்த்தேன். திட்டு இருந்தது.